நீல மூடி

கோழிப்பண்ணையில் புதிதாக வேலைக்கு வரும் பெண்களுக்கு நாலு நல்ல வார்த்தை சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்து பல வருஷமாகிறது. வயதில் மூத்தவள் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி இல்லை. படிப்பை விட்டுவிடாதீர்கள் என்பேன். அவர்களும் தலையாட்டிவிட்டு முட்டை எடுக்கப் போய்விடுவார்கள். எனக்கே அலுத்துப்போன பேச்சு அது.

இந்த வருஷம் வந்தவர்களில் ஒருத்தியைப் பார்த்ததும் அந்த நாலு வார்த்தையும் வாயில் வரவில்லை. பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கியவள். ராசிபுரம் பக்கம் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது, வெள்ளிக்கிழமைக்குள் போய்ச் சேர வேண்டும். ஆனால் திங்கட்கிழமை காலையில் முட்டை அட்டையும் கையுமாக என் முன்னால் நின்றாள். கரும்பு வெட்டி வெட்டி அம்மாவுக்கு இடுப்பு போய்விட்டது, அதனால் வந்தேன் என்றாள்.

அவள் அம்மா மோகனூர்ப் பக்கம் கரும்பு வெட்டப் போனதே என்னால்தான். அதற்கு முன் இதே பண்ணையில் என்னோடு வேலை பார்த்தவள்.

நான் எட்டாவது வரை படித்தவள். தமிழ் நன்றாக வாசிப்பேன். மருந்து பாட்டில்களிலோ எல்லாம் இங்கிலீஷ். அதனால் மூடியை வைத்து அடையாளம் வைத்திருந்தேன். நீல மூடி சத்து மருந்து, பச்சை மூடி தண்ணீரைச் சுத்தம் செய்கிற மருந்து. குஞ்சுகளுக்குத் தடுப்பு மருந்தைக் குடிதண்ணீரில் கலந்து கொடுக்கும் நாளில் பச்சை மூடியைத் தொடவே கூடாது. கலந்தால் தடுப்பு மருந்து வீணாகிவிடும். அந்தப் பெண்ணின் அம்மா தொட்டியைக் கழுவுவாள், நான் மருந்து ஊற்றுவேன். அப்படி ஒரு தடுப்பு மருந்து நாளில், சத்து மருந்து என்று நினைத்து நீல மூடி பாட்டிலை ஊற்றினேன். கொஞ்ச நாளில் கழிச்சல் நோய் வந்து குஞ்சுகள் கும்பல் கும்பலாகச் செத்தன. தொட்டியில் சோப்பு மிச்சம் இருந்து தடுப்பு மருந்தைக் கெடுத்திருக்கும் என்று சொல்லி அவளை வேலையை விட்டு அனுப்பினார்கள். அடுத்த வாரம் அதே பாட்டிலைத் திறந்தபோது பிளீச்சிங் வாடை குப்பென்று வந்தது. மூடி நிறம் மாறி வந்திருக்கிறது. ஊற்றிய அன்று எனக்குச் சளி, வாடை தெரியவில்லை. தெரிந்த பிறகும் வாயைத் திறக்கவில்லை. வேலை போய்விடும் என்று பயம். வேறு காரணம் எதுவும் இல்லை.

புதன்கிழமை அந்தப் பெண்ணை மருந்து அறைக்கு என்னோடு அனுப்பினார்கள். வழக்கம்போல ஒரு பாட்டிலைத் திறந்து முகர்ந்து பார்த்தேன்.

"ஏனுங்க பெரிம்மா மோந்து பாக்கறீங்க? இதுலயே எழுதியிருக்குதுங்களே."

சாதாரணமாகத்தான் கேட்டாள். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் பாட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா இன்னிக்கும் தொட்டிய நாந்தான் சரியாக் கழுவாம உட்டுட்டேன்னு சொல்லுமுங்க. அந்தக்கா எட்டாவது படிச்சவங்க, அவுங்க கையில தப்பு நடக்காதுன்னு சொல்லும்."

அதைக் கேட்டுக்கொண்டு நின்றேனே, அதுதான் எனக்குத் தண்டனை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் நீங்களே சொல்லுங்கள் என்றாள். போனேன்.

அவள் அம்மா கட்டிலில் உட்கார்ந்தபடி கடைசிவரை கேட்டாள். என்னை உட்காரச் சொல்லவில்லை.

"எட்டாவது படிச்ச உங்களுக்கே அதப் படிக்கத் தெரியலீங்களா அக்கா?"

தெரியவில்லை என்றேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் மகள் பக்கம் திரும்பினாள்.

"நீ காலேசுக்குக் கெளம்பு சாமி. பண்ணைக்கு நான் போறேன்."

மறுநாள் பண்ணைக்காரரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் கத்தினார். இந்தக் காலத்தில் ஆள் கிடைப்பது கஷ்டம் என்பதால் என்னை வைத்துக்கொண்டு, அந்தப் பெண்ணின் அம்மாவையும் திரும்பச் சேர்த்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை அந்தப் பெண் கல்லூரியில் சேர்ந்தாள்.

அவள் அம்மாவால் குனிய முடியாது, வாளியை நான்தான் தூக்குகிறேன். என்னோடு அதிகம் பேசுவதில்லை. மருந்து அறையில் நான் பாட்டிலைத் திறந்து முகர்ந்து பார்த்ததும் கையை நீட்டுகிறாள். வாங்கித் தானும் ஒரு முறை முகர்ந்து பார்த்த பிறகுதான் ஊற்ற விடுகிறாள்.