ஊருக்குப் போட்ட ஊசி

எனக்கு ஒன்பது வயதில் என் இடது கைக்கு ஓர் உத்தியோகம் இருந்தது. அப்பா சுகாதார ஆய்வாளர். அம்மை குத்தப் போனாலும் காலரா ஊசி போடப் போனாலும், கூட்டம் மிரண்டு நின்றால் என்னை முன்னால் இழுத்து, "பாருங்க, பெத்த பொண்ணுக்கே போடுறேன்" என்று முதல் குத்தை என் கையில் குத்துவார். நான் அழக் கூடாது என்பது ஏற்பாடு. அழாமல் இருந்தால் ஒரு கமர்கட் உண்டு.

அப்பா மதுரையில் பிறந்து நகராட்சிக் குழாய்த் தண்ணீரில் வளர்ந்தவர். கீழ்வேளூருக்குக் கிழக்கே ஒரு கிராமத்துக்கு அவரை மாற்றிய வருஷம், சென்னையில் ஆட்சி மாறி, டீக்கடைகளிலெல்லாம் கறுப்பு சிவப்புக் கொடி பறந்துகொண்டிருந்தது. வயல் வரப்புகளில் மட்டும் செங்கொடி. நடவுக் கூலியில் அரைப்படி நெல் கூட்டிக் கேட்டு சேரி ஆட்கள் வேலைக்குப் போகாமல் நின்றார்கள். மிராசுதார்கள் வெளியூர் ஆட்களை இறக்கினார்கள். பள்ளிக்கூடத்தில் போலீஸ் தங்கியிருந்ததால் எங்களுக்கு விடுமுறை. ஊர் இரண்டு பட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். அந்த ஐப்பசி மழையில் கொண்டாட்டம் காலராவுக்குத்தான்.

பக்கத்துக் கிராமத்தில் இரண்டு பேர் வாந்திபேதியில் போய்விட்டதாகச் செய்தி வந்ததும் அப்பா சைக்கிளை எடுத்தார். அரசாங்கம் சொன்னால் ஜனங்கள் கேட்க மாட்டார்கள், சாமி சொன்னால் கேட்பார்கள் என்பது அவருடைய தத்துவம். நேரே அம்மன் கோயில் தர்மகர்த்தாவிடம் போனார். அவர்தான் பெரிய மிராசுதாரும். ஊசி போட்டால் அம்மனுக்குக் கோபம் வரும் என்று பூசாரி தயங்கினார். அப்பா வாதம் செய்யவில்லை. ஊசிப் பெட்டியை அம்மன் காலடியில் வைத்துப் பூக்கட்டிப் பார்க்கச் சொன்னார். வெள்ளைப்பூ வந்தது. அம்மனே உத்தரவு கொடுத்த பிறகு பூசாரிக்கு என்ன? பெட்டிக்குக் குங்குமம் வைத்துக் கையில் கொடுத்துவிட்டார்.

அடுத்தது பள்ளிவாசல். அங்கே இமாம், சுத்தம் ஈமானில், அதாவது இறைநம்பிக்கையில், பாதி என்று தொழுகை முடிந்ததும் எடுத்துச் சொல்லி, கோயில் மண்டபத்துக்கே போய்ப் போட்டுக்கொள்ளுங்கள் என்று ஆண்களையும் பெண்களையும் அனுப்பிவைக்க ஒப்புக்கொண்டார். கோயிலும் பள்ளிவாசலும் ஒரே காரியத்தில் இறங்கி அந்தக் கிராமத்தில் யாரும் பார்த்ததில்லையாம். அன்று சோறு சாப்பிடும்போது அப்பா பெருமை தாங்காமல் அம்மாவிடம் இதையே மூன்று தடவை சொன்னார். அம்மா மூன்று தடவையும் ரசம் ஊற்றினாள்.

தண்டோரா போட மாரிமுத்து வந்தார். சேரியில் இருப்பவர், தப்பு அடிப்பது அவர் முறை. என்ன சொல்ல வேண்டும் என்று அப்பா தாளில் எழுதி, அவருக்கு இரண்டு முறை படித்துக் காட்டினார். ஊரில் உள்ள எல்லோரும் நாளையும் மறுநாளும் அம்மன் கோயில் மண்டபத்துக்கு வந்து காலரா ஊசி போட்டுக்கொள்ள வேண்டியது, ஊர்க் கிணறுகளில் மருந்து போட்டிருப்பதால் வேறு தண்ணீர் குடிக்கக் கூடாது, அவ்வளவுதான். மாரிமுத்து ஒரு சொல் பிசகாமல் தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு போனார். எனக்கு அந்தக் குரல் மிகவும் பிடித்திருந்தது.

முகாம் திருவிழா போல நடந்தது. வழக்கம்போல் முதல் குத்து எனக்கு. தர்மகர்த்தா வீட்டுப் பெண்களும் பள்ளிவாசல் தெருப் பெண்களும் ஒரே வரிசையில் முந்தானையை விலக்கிக்கொண்டு கையை நீட்டினார்கள். சேரியிலிருந்து ஒருவரும் வரவில்லை. அப்பா அடிக்கடி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். தர்மகர்த்தா சிரித்தார்.

"விடுங்க சார். வேலைக்குத்தான் ஸ்டிரைக்குன்னா, ஊசிக்கும் ஸ்டிரைக்கு போலருக்கு."

மண்டபமே சிரித்தது. அப்பாவும் சிரித்தார். சேரி மக்கள் ஒத்துழைக்கவில்லை என்று அறிக்கையில் எழுதியும் வைத்தார். கிணறுகளில் பிளீச்சிங் பவுடர் கொட்டி முடித்தார். சேரிக்குக் கிணறு கிடையாது. ஊர்ச் சாக்கடை கலந்து வருகிற வடிகால் வாய்க்கால்தான் அவர்களுக்குத் தண்ணீர். கிணறு இல்லாத இடத்தில் பவுடருக்கு என்ன வேலை?

மாரிமுத்துவின் மகள் அஞ்சலை என் வயதுதான். யாரோ ஒருவர் வீட்டு ஆடுகளை மேய்த்துக்கொண்டு எங்கள் கொல்லை வேலிக்கு வருவாள். வேலிக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான், நடுவில் புளியங்கொட்டை. மற்றபடி எங்கள் விளையாட்டில் குறையொன்றும் இல்லை. முகாமின் முதல் நாள் சாயங்காலம் வீங்கிய கையை அவளிடம் பெருமையாகக் காட்டினேன். வேலிக்குள் விரலை நுழைத்துத் தொட்டுப் பார்த்தாள்.

"வலிக்குதா?"

"வலிக்கும். நாளைக்கு நீயும் வா. ஊர்ல எல்லாருக்கும் போடுறாங்க."

"ஊருக்குத்தானே" என்றாள்.

ஊசிக்குப் பயந்து சாக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். பயந்தாங்கொள்ளி, பயந்தாங்கொள்ளி என்று கை தட்டிக் கத்தினேன். அவள் புளியங்கொட்டைகளைப் பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டு ஆடுகளை ஓட்டிப் போய்விட்டாள். அதற்குப் பிறகு அவளை நான் பார்க்கவில்லை. அவளிடம் நான் கடைசியாகப் பேசியது இதுதான்.

நான்காம் நாள் காலை வேலிக்கு வெளியே மாரிமுத்துவின் குரல் கேட்டது. தண்டோராக் குரல் இல்லை.

"ஐயா, புள்ளைக்கு விடியக்காலத்துலேருந்து வாந்தியும் பேதியும் நிக்கலைங்க. கண்ணு உள்ள போயிருச்சுங்க. இன்னும் நாலு வூட்லயும் இருக்குதுங்க."

அப்பாவுக்குக் கோபம் வந்தது. "ரெண்டு நாள் காத்துக் கெடந்தேனேய்யா! நீயேதானே தண்டோரா போட்ட? அப்புறம் ஏன் ஒருத்தரும் வரல?"

"ஊருக்குன்னுதானே ஐயா போடச் சொன்னீங்க."

"எல்லாரும்னுதானே எழுதிக் குடுத்தேன்!"

"ஊர்ல உள்ள எல்லாரும்னு இருந்துச்சுங்க. நாங்க சேரிங்க ஐயா." சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போலப் பொறுமையாகச் சொன்னார்.

அந்தப் பக்கத்தில் ஊர் என்றால் கோயிலைச் சுற்றிய தெருக்களும் பள்ளிவாசல் தெருவும். வயலுக்கு அப்பால் இருப்பது சேரி. இரண்டும் சேர்ந்த இடத்துக்கு ஒரு பெயர் வைக்க யாருக்கும் தோன்றியதில்லை. அப்படியே எழுதியிருந்தாலும் அழைத்த இடம் கோயில் மண்டபம். சட்டப்படி அங்கே யாரும் வரலாம். சட்டம் சென்னையில் இருந்தது. பள்ளிவாசலில் வைத்து ஊசி போட்டிருந்தால் யாரும் தடுத்திருக்க மாட்டார்கள். அங்கே வாருங்கள் என்று அவர்களிடம் சொல்லவும் யாரும் இல்லை. இதெல்லாம் அப்பாவுக்குத் தெரியாதா? மதுரைக்காரர்தான், அங்கே மட்டும் சேரி இல்லையா? தெரிந்துகொள்ளாமல் இருப்பது அந்த வாரம் அவருக்கு வசதியாக இருந்தது என்றுதான் இன்று நினைக்கிறேன்.

அப்பா பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். நாகப்பட்டினம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய் பாட்டில் ஏற்றினால் பிழைக்கலாம். தர்மகர்த்தா வீட்டுக் கார் ரிப்பேர் என்று பதில் வந்தது. முந்தின நாள் அது ஓடியதை நான் பார்த்திருந்தேன். இமாம்தான் பள்ளிவாசல் தெரு மளிகைக்கடை மாட்டுவண்டியைக் கேட்டு வாங்கி, தாமே ஏறி உட்கார்ந்து வந்தார். வண்டிக்குள் வைக்கோல் பரப்பி மூன்று பேரைப் படுக்க வைத்தார்கள். அஞ்சலை பாதி வழியிலேயே போய்விட்டாள். வண்டி திரும்பவில்லை. மற்ற இருவருக்காக அவளையும் வைத்துக்கொண்டே நாகப்பட்டினம் போனது.

மறுநாள் அப்பா சேரிக்குள் நின்று ஊசி போட்டார். தண்டோரா போட ஆள் இல்லாததால் குடிசை குடிசையாகத் தாமே கூப்பிட்டுக்கொண்டு போனாராம். அன்று என் கையை அவர் கேட்கவில்லை. அங்கே யாரும் ஊசிக்குப் பயப்படவில்லை என்று மட்டும் அம்மாவிடம் சொன்னார். மொத்தம் எத்தனை பேர் போனார்கள் என்று கடைசிவரை என்னிடம் சொன்னதில்லை.

மழை நின்றதும் கோயில் மண்டபத்தில் ஒரு பாராட்டுக் கூட்டம் வைத்தார்கள். அதற்கும் தண்டோரா மாரிமுத்துதான். அவர் முறையாயிற்றே, வேறு யார் போடுவது? நாகப்பட்டினத்திலிருந்து பெரிய அதிகாரி ஜீப்பில் வந்தார். தர்மகர்த்தாவுக்கும் இமாமுக்கும் அப்பாவுக்கும் மாலை போட்டார்கள். கோயிலும் பள்ளிவாசலும் சர்க்காரோடு கைகோத்ததால் சுற்றுவட்டாரமெல்லாம் சாவு விழுந்தும் இந்த ஊரில் ஓர் உயிர்கூடப் போகவில்லை, இது நாட்டுக்கே முன்மாதிரி என்று அதிகாரி பேசினார். கை தட்டல் அடங்கவே இல்லை. இமாம் மாலையைக் கழற்றி மடியில் வைத்திருந்தார். அப்பா தலையைத் தூக்கவில்லை. எனக்கு அவர்மேல் கோபமாக வந்தது. இவ்வளவு பேர் பாராட்டும்போது சிரித்தால் என்ன?

கை தட்டிக்கொண்டே இருந்த எனக்கு நடுவில் ஒரு சந்தேகம் வந்துவிட்டது. அம்மாவின் புடவையை இழுத்தேன்.

"அம்மா, அஞ்சலை செத்துப்போனாளே?"

"சும்மா இரு. அது ஊர்ல சேராது."

பாவம், எங்கேயோ வேறு ஊர்க்காரி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு நான் மறுபடியும் கை தட்டினேன்.