அரியலூரில் அடைத்துவிட்ட இரண்டு ஜன்னல்கள்

தங்கையின் புதுமனை புகுவிழாவுக்காகக் கடந்த தை மாதம் அரியலூர் போயிருந்தேன். அந்த வீட்டுக்கு வரைபடம் போட்டது நான்தான். அவள் மகள் யாழினிக்கு மூச்சிரைப்பு உண்டு. அதனால் லாரிப் புழுதி வரும் சாலைப் பக்கம் திறப்பைக் குறைத்து, வயல் பக்கம் இரண்டு பெரிய ஜன்னல்கள் வைத்திருந்தேன்.

பெரம்பலூரிலிருந்து அரியலூருக்குச் சுமார் முப்பது கிலோமீட்டர். பஸ்ஸில் ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுண்ணாம்புக்கல் லாரிக்குப் பின்னால் மாட்டினால் இன்னும் கூடும், எனக்குக் கூடியது. அங்கிருந்து விக்கிரமங்கலம் சாலையில் ஆட்டோவுக்கு நூற்றைம்பது ரூபாய். பேரம் பேசிப் பார்த்தேன், மசியவில்லை. சாப்பிட்டுப் போங்கள் என்று ஆட்டோக்காரரையும் அழைத்தேன்.

உள்ளே நுழைந்ததும் கண் எரிந்தது. ஹாலில் ஹோமப் புகை, அதோடு காயாத பெயின்ட் நெடி. ஜன்னல்கள் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் சுவர்.

"தூசி எந்தப் பக்கமும் வருங்க மச்சான். அதான் அடைச்சிட்டு ஏசி போட்டுட்டேன்," என்றார் தங்கையின் கணவர் செந்தில், பெருமையாக. நல்ல நாளில் சண்டை எதற்கென்று ஹோமத்தின் முன் போய் உட்கார்ந்தேன்.

ஹோமம் முடிவதற்குள் யாழினி இருமத் தொடங்கினாள். பிறகு இருமல் நின்று, விசில் மாதிரி ஒரு சத்தம் மட்டும் வந்தது. தங்கை அவளைத் தூக்கிக்கொண்டு கொல்லைக் கதவு வழியாக வயல் பக்கம் ஓடினாள்.

"இன்ஹேலர் எங்க?" என்று கேட்டேன்.

"பழைய வூட்டுல இருக்குண்ணே. புது வூட்டுக்கு மொத நாளே மருந்து எடுத்துட்டு வரக்கூடாதுன்னு இவுங்கதான் வச்சிட்டு வரச் சொன்னாங்க."

ஆஸ்பத்திரிக்குப் போகச் செந்தில் காருக்குப் போன் செய்தார். திறந்த ஆட்டோவில் லாரிப் புழுதிக்குள் குழந்தையைக் கொண்டுபோக முடியாது; அதனால் கார் வரும்வரை காத்திருக்காமல் இன்ஹேலரை எடுத்துவர நான் கிளம்பினேன். பந்தியில் உட்காரப் போன ஆட்டோக்காரர் என் முகத்தைப் பார்த்தே எழுந்து வந்தார். பழைய வீடு டவுனுக்குள், நான்கு கிலோமீட்டர். முன்னால் வரிசையாக லாரிகள்.

"முந்திக்கிட்டுப் போங்கண்ணே," என்றேன்.

"எதுத்தாப்ல வண்டி வருது சார். நாம போய்ச் சேரணும்ல?"

அவர் சொன்னது நியாயம்தான். லாரிகளுக்குப் பின்னாலேயே போனோம்.

இன்ஹேலரோடு திரும்பி வந்தபோது யாழினியின் உதடு வெளுத்திருந்தது. தங்கை மருந்தை அழுத்தினாள். சற்று விட்டு மறுபடியும். மெல்ல அந்தச் சத்தம் அடங்கியது. "தண்ணி குடும்மா," என்றாள் குழந்தை. செந்தில் கொல்லைப் படியில் உட்கார்ந்து அழுதார்.

அதற்குள் கார் வந்துவிட்டது. டாக்டரிடம் காட்டி, பயமில்லை என்று தெரிந்த பிறகே திரும்பினோம். தங்கை வாசலோடு நின்றுவிட்டாள். "ஜன்னலத் தொறக்காம புள்ளைய உள்ள கூட்டிட்டு வர மாட்டேன்."

"இன்னிக்குப் போயி செவுத்த இடிப்பாங்களா?" என்றார் உறவினர் ஒருவர். செந்தில் கடப்பாரையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

அந்தப் பக்கம் வீடு கட்டுகிறவர்கள் புழுதி வரும் பக்கத்தை மட்டும் அடையுங்கள். காற்றுக்கு ஒரு பக்கம் விடுங்கள். பெயின்ட் காயாமல் நாள் குறிக்காதீர்கள். வீட்டில் மூச்சிரைக்கும் பிள்ளை இருந்தால், யார் என்ன சொன்னாலும் மருந்தைக் கையில் வைத்துக்கொண்டே குடிபோங்கள்.