ஐந்து வீடு, ஐந்து வாசல்

சங்ககிரியில் வீட்டுத் தரகு பார்க்கிறவன் நான். என் பேச்சைத் தட்டியவர்களில் வீரபாகு அண்ணனை மட்டும் மறக்க முடியவில்லை. மூன்று லாரியையும் விற்றுவிட்டு, இனி வாடகை வருமானத்தில் உட்கார்ந்து சாப்பிடலாம் என்று வந்தார். ஆறு குடித்தனம் இருந்த லைன் வீடு ஒன்றைக் காட்டினேன். வாங்கிய மாதமே வாடகை வரும். அவர் மனைவி கமலவேணி அக்காவுக்குப் பிடித்துப்போயிற்று. பொதுக் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பெண்களோடு அரை மணி நேரம் பேசிவிட்டு வந்து, "ஆளுங்க இருக்கற ஊடுங்க, இதையே வாங்கிப்போடலாம்" என்றார்.

அண்ணன் கேட்டால்தானே? லாரிக்கே புது சேசிஸ் எடுத்து, நாமக்கல்லில் பாடி கட்டி ஓட்டியே பழகிய மனுஷன். "அடுத்தவன் ஓட்டுன வண்டிய நான் தொட்டதே இல்லீங்க" என்றார். பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

மனை வாங்கி ஐந்து வீடு கட்டினார். குடித்தனக்காரர்கள் சண்டை போடக் கூடாதாம். ஐந்துக்கும் தனி வாசல், தனிப் படி, தனி மோட்டார். மூன்று வருஷம் இழுத்தது. பூச்சு வேலை நடக்கும்போதே அக்கா மாரடைப்பில் போய்விட்டார். பிள்ளைகள் இல்லை. அண்ணன் மாடி வீட்டில் தனியாகக் குடியேறினார். மற்ற நான்குக்கும் நான்தான் ஆள் பிடித்தேன். குடும்பத்துக்கு மட்டும்தான், தனி ஆள் கூடவே கூடாது என்று கறாராகச் சொல்லியிருந்தார்.

வாடகை போனிலேயே வந்து விழுந்தது. அவரவர் வாசலில் அவரவர். வாரக்கணக்கில் யாரும் அவர் கதவைத் தட்டவில்லை.

போன மாதம் என்னிடம் வந்தார். அந்த லைன் வீட்டில் ஒரு போர்ஷன் காலியாமே, வாடகைக்கு வேண்டும் என்றார். ஐந்து வீட்டை வைத்துக்கொண்டு இதென்ன கூத்து என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"நாலு பேரு பேசற சத்தம் காதுல உழுகோணுமுங்க."

கூட்டிப்போனேன். வீட்டுக்காரம்மா உஷாராணி, எத்தனை பேர் என்று கேட்டார். நான் மட்டும்தான் என்றார் அண்ணன்.

"தப்பா நெனைக்காதீங்க. தனி ஆளுக்கு உடறதில்லீங்க."

அண்ணன் குழாயடியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

வண்டியில் கொண்டுவந்து வீட்டில் இறக்கிவிட்டேன். மேலே வாங்க, காப்பி போடுகிறேன் என்றார். கமிஷன் போன எரிச்சல் எனக்கு. வேறு பார்ட்டி காத்திருக்கிறது என்று பொய் சொன்னேன். சரிங்க என்று சொல்லிவிட்டு, தன் படியில் ஏறிப் போனார். பாவி நான், ஒரு காப்பி குடித்துவிட்டு வந்திருக்கலாம்.