கடலுக்குக் கேட்ட புளுகம்

புளுகம் கடலுக்குக் கேட்கும் என்று பதினொரு வயதுவரை நம்பியிருந்தேன். தன்னைத்தானே மெச்சிக்கொண்டு முகம் பூரித்து நிற்பதற்கு எங்கள் சல்லிக் கிராமத்துப் பக்கத்தில் அதுதான் சொல். புளுகு என்ற பொய்யிலிருந்து பிறந்திருக்கலாம் என்பது என் ஊகம். புளுகம் பிடித்தவன் அந்தப் பொய்யை முதலில் தனக்குத்தானே சொல்கிறான். அந்த வயதில் இந்த ஆராய்ச்சியெல்லாம் ஏது? அம்மாவின் தம்பி, என் சின்னமாமா, சொன்னதே வேதம்.

கரைவலை மணலில் ஏறும்வரை யாரும் மீனைப் பற்றிக் கதைக்கக்கூடாது, சிரிக்கவும் கூடாது. அது எங்கள் கரை வழக்கம். ஒருமுறை வலை போடுவதற்கு முதல்நாள், மீன் வந்து சேரும் மடிப்பகுதியின் கிழிசலை முடிச்சுப் போட்டுப் பொத்தியவர் மாமா. அப்பா ஒருதரம் இழுத்துப் பார்க்கக் குனிந்தபோது, "நான் பொத்தினது அத்தான், பாக்கத் தேவையில்லை" என்றார்.

மறுநாள் காலை மடி கரையை நெருங்க, உள்ளே கீரிமீன் வெள்ளியாகத் துள்ளியது. கயிற்று நுனியைத் தொட்டுக்கொண்டு நின்ற எனக்கு, முழு வலையையும் ஒற்றையாளாக இழுத்துவிட்ட நினைப்பு. பல் தெரியச் சிரித்தேன். மாமா கண்டுவிட்டார்.

"என்னடா புளுகம்? கடலுக்குக் கேக்கும்."

சொல்லி வாய் மூடவில்லை, மீனெல்லாம் மடியின் அடியால் கொட்டுண்டு போயிற்று. ஒரு மாதம் காத்திருந்து கிடைத்த மீன்பாட்டில் மிஞ்சியது ஒரு கூடை.

அதன்பிறகு நான் சிரிக்கவில்லை. கணக்கில் முதலாவதாக வந்தும் செத்தவீட்டு முகத்தோடு நின்றேன். ரீச்சர் பயந்துபோய் அம்மாவைக் கூப்பிட்டு விசாரித்தார். அம்மா செத்தல் மிளகாயும் உப்பும் என் தலையைச் சுற்றி அடுப்பில் போட்டார். குசினியே இருமியது, நான் மட்டும் பல்லைக் காட்டவில்லை.

ஒரு கிழமைக்குமேல் தாங்க ஏலவில்லை. அப்பாவிடம் போனேன்.

"வலை என்னாலதான் கிழிஞ்சது அப்பா. நான் சிரிச்சனான்."

அப்பா பக்கத்தில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த மாமாவைப் பார்த்தார். மாமா கடலைப் பார்த்தார்.

"கேட்டீரே, மச்சான்?" என்றார் அப்பா.

அன்று பின்னேரம் மாமா எனக்கு இரண்டு ஐஸ்பழம் வாங்கித் தந்தார். ஒன்று கேட்டாலே கண்ணை உருட்டுகிற மனிதர். என்னை மன்னித்துவிட்டார் என்று உருகிப்போய், முகத்தில் புளுகம் ஏறாமல் கவனமாகச் சப்பினேன்.

மீன் போன அன்றே அப்பா அந்த மடியை மணலில் விரித்துப் பார்த்தபோது நானும் பக்கத்தில் நின்றேன். பார்த்தும் விளங்கவில்லை. வலை புதிதாக எங்கும் கிழிந்திருக்கவில்லை. பொத்திய இடத்தில் மாமா போட்ட முடிச்சு அவிழ்ந்திருந்தது.