சித்தி ஒற்றைக் காலில் நின்ற நாள்

சித்தியின் இடது காலில், முழங்காலுக்குக் கீழே, ஒரு தகடு இருந்தது. சாரல் அடிக்கும் நாட்களில் உள்ளே குளிர்கிறது என்பாள். எனக்கு அப்போது ஒன்பது வயது. அந்தத் தகடு துருப்பிடித்தால் என்ன ஆகும் என்று நினைத்து நினைத்துச் சோறு இறங்காமல் உட்கார்ந்திருக்கிறேன். கவலைப்படுவது என் பிறவிக் குணம். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டேன். இதை மட்டும் விட முடியவில்லை.

அப்பாவின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து சித்தி புளியங்குடிக்குப் போனபோது நடந்தது அது. ரோட்டில் கொட்டிக் கிடந்த ஜல்லியில் வண்டி சறுக்கிவிட்டது. அப்பாவுக்கு முழங்கையில் வெறும் சிராய்ப்பு. சித்திக்குக் கால் எலும்பு முறிந்து, உள்ளே தகடு வைத்தார்கள். வாசுதேவநல்லூரில் அவளுக்கு மாப்பிள்ளை பேசிப் பூ வைத்து முடித்திருந்த சமயம். அந்த வீட்டார் ஆஸ்பத்திரிக்கு ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு வந்து பார்த்தார்கள். ஊருக்குப் போன பிறகு ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினார்கள்: இரும்பு வைத்த காலில் பெண் எத்தனை நாளைக்கு நிற்பாள், நாளைக்கு ஒரு பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைக்க வேண்டாமா?

அன்றிலிருந்து அப்பா சித்தியின் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. அவளிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அடுப்பைப் பார்த்துச் சொல்வார், இல்லாவிட்டால் என்னைப் பார்த்துச் சொல்வார்.

அடிபட்ட காலில் மட்டும் தினமும் கொஞ்ச நேரம் நின்று பழகச் சொல்லியிருந்தார் டாக்டர். சுவரைப் பிடித்துக்கொண்டு தொடங்கிய சித்தி, சில மாதங்களில் சுவரை விட்டுவிட்டாள். அவள் பூக்கட்டுகிறவள். மார்க்கெட்டிலிருந்து வரும் பிச்சியையும் மல்லியையும் வீட்டில் வைத்துக் கட்டிக் கொடுப்பாள். சும்மா எதற்கு நிற்க வேண்டும் என்று பூவைக் கட்டிக்கொண்டே நிற்கத் தொடங்கினாள். அம்மா உலை வைக்கும்போது தூக்கிய காலை, சோறு வடித்துக் குழம்பு இறக்கிய பிறகும் சித்தி கீழே வைக்க மாட்டாள். சாப்பிட வா என்று அம்மாதான் கத்த வேண்டும்.

ஒருநாள் அப்பாவின் போனில் ஒரு படம் வந்தது. வடக்கே எங்கேயோ ஓர் அம்மாள் ஒற்றைக் காலில் நின்றபடியே பூக்கட்டி உலக சாதனை செய்துவிட்டார் என்று, சால்வையும் சான்றிதழுமாக நின்றார். உலகத்தில் இதற்கும் ஒரு போட்டி இருப்பது எங்களுக்கு அன்றுதான் தெரியும். அப்பா வெகுநாளைக்குப் பிறகு சித்தியின் முகத்தைப் பார்த்தார்.

“ஏளா, இந்த அம்மாவைவிட நீ கூட நேரம் நிக்கியே!”

சித்தி சிரித்தாள். “சான்றிதழ் தந்தா வாசுதேவநல்லூருக்குத் தபால்ல அனுப்புவோமா அத்தான்?”

எல்லோரும் சிரித்தோம். ஆனால் அப்பா அன்றைக்கே விண்ணப்பம் போட்டுவிட்டார். அதற்குப் பிறகு வீட்டில் யாரும் அதைப் பற்றிச் சிரிக்கவில்லை.

சாதனைப் புத்தகக் கம்பெனியிலிருந்து ஆடி மாதத்தில் ஒருவர் வந்தார். மேற்கே கோயம்புத்தூர்ப் பக்கத்து ஆள். ‘ங்க’ போடாமல் பேச மாட்டார். எங்கள் தெருக்காரர்கள் அவரை ஆபீசர் என்றார்கள். தெரு முனையில் இருந்த சமுதாயக் கூடத்தில் ஏற்பாடு. வெளியே ஆடிக்காற்று தகரக் கதவைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தது. ஒரு ஸ்டூலில் தண்ணீர்க்குடத்தை வைத்து, அதில் அப்பாவின் போனைச் சாய்த்து, படம் பிடிக்க விட்டார்கள். தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஒரே படமாக இருக்க வேண்டுமாம். சித்தி நடுக்கூடத்தில் வந்து நின்று காலைத் தூக்கினாள். தூக்கியதுமே ஆபீசர் கையை நீட்டினார்.

“தூக்குன காலு நிக்கிற கால்ல படக்கூடாதுங்க.”

அம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அத்தனை மாதமும் சித்தி தூக்கிய பாதத்தை மற்ற முழங்காலில் ஒட்டிவைத்துத்தான் பழகியிருந்தாள். எங்கள் வீட்டுக் காலண்டரில் அம்மன் ஒற்றைக் காலில் தபசு நிற்பது அப்படித்தான்.

“என்ன சார் சொல்லுதிய? அம்மனே அப்படித்தான் நிக்கா. அவளுக்கு மேல என்ன ரூலு?”

“அம்மன் அப்ளிகேஷன் போடலீங்களே.”

கூடத்தில் இருந்த தெருக்காரர்கள் சிரித்துவிட்டார்கள். அம்மா சிரிக்கவில்லை. அவள் வாயைத் திறப்பதற்குள் சித்தி, “விடுக்கா, ஒட்டாமலே நிக்கேன்” என்று பாதத்தைப் பின்னால் மடக்கிக்கொண்டாள். ஆபீசர் விசில் ஊதினார்.

அந்த விசில் சத்தத்தோடு என் கவலையும் தொடங்கியது. பழகாத நிலையில் நிற்கிறாளே, தகடு பிசகினால்? கதவு அடிக்கிற சத்தத்தில் திடுக்கிட்டால்? பூவில் எறும்பு இருந்து கடித்துவிட்டால்? சித்தியோ வாசலில் நிற்பதுபோல் நின்றாள். பக்கத்து பெஞ்சில் இருந்த கூடையிலிருந்து பூ எடுப்பாள், வைப்பாள், முடிவாள். விரல்கள் தங்கள் பாட்டுக்கு ஓடின. சரம் நீண்டு இறங்கியது. அது தரையைத் தொட்டபோது ஆபீசர் மறுபடி எழுந்தார்.

“சரம் தரையில படுதுங்க. அது சப்போர்ட்டுல வருமுங்க.”

“சார், பூச்சரம் சார் அது. கம்பா?” என்றார் அப்பா.

“பூவை ஊனி நிக்கதுக்கு அவ என்ன தேனீயா வே?” என்றாள் பக்கத்து வீட்டுப் பெரியம்மை.

ஆபீசர் வெளியே போய் யாருக்கோ போன் போட்டார். காற்றில் ஒரு காதைப் பொத்திக்கொண்டு பேசிவிட்டு வந்தார். சரம் எதன்மேலும் படக்கூடாது. வேறு ஆள் பிடிக்கவும் கூடாது. அதற்குள் சித்தி சரத்தைத் தூக்கித் தன் தோளிலேயே போட்டுக்கொண்டாள். “இதுக்கு ரூல் இருக்கா சார்?” என்று கேட்டாள். ஆபீசர் யோசித்துப் பார்த்து, இல்லீங்க என்றார். நேரம் போகப் போக ஈரப் பூவின் கனம் அவள் தோளில் ஏறிக்கொண்டே போயிற்று. இந்தக் கனத்தோடு அவள் ஒருநாளும் பழகியதில்லை.

வடக்கத்தி அம்மாளின் நேரத்தில் பாதிக்குமேல் தாண்டியிருக்கும். சித்தியின் கெண்டைக்கால் நடுங்கியது. முதலில் நான் மட்டும்தான் பார்த்தேன் என்று நினைத்தேன். திரும்பினால் அம்மா கையைக் கூப்பிக்கொண்டு எழுந்துவிட்டிருந்தாள். சித்தியைச் சுற்றி நடக்கத் தொடங்கினாள்.

தபசுத் திருவிழாவுக்கு அன்று கொடி ஏறியிருந்தது. கொடி ஏறிவிட்டால் எங்கள் ஊரில் ஆட்கள் கோயிலைச் சுற்றத் தொடங்கிவிடுவார்கள். ஒற்றைக் காலில் தவம் நிற்கிற அம்மனின் கால்வலியில், சுற்றுகிறவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் வாங்கிக்கொள்கிறார்கள் என்பது நம்பிக்கை. அம்மா எதற்கு எழுந்தாள் என்று அங்கே இருந்த பெண்களுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பெரியம்மை எழுந்தாள். அவள் மருமகள் எழுந்தாள். கொஞ்ச நேரத்தில் சித்தியைச் சுற்றி ஒரு வளையமே நகர்ந்துகொண்டிருந்தது. நடுக்கம் நின்றது என்று சத்தியம் செய்ய மாட்டேன், குறைந்தது.

ஆபீசர் ஓடிவந்து அம்மாவோடு கூடவே நடந்தார்.

“என்னங்க பண்றீங்க? வெளியாள் உதவி கூடாதுங்க.”

“தொட்டமா சார் நாங்க? சும்மா சுத்துதோம்.”

“சுத்துறதால அவங்களுக்கு வலி குறையுதுங்களா?”

அம்மா வாயைத் திறந்து, மூடிக்கொண்டாள். குறைகிறது என்றால் உதவி, சாதனை போய்விடும். குறையவில்லை என்றால், கொடியேறிய நாளில் அம்மனுக்கு எதிராகத் தன் வாயாலேயே சொன்னதாகிவிடும். அம்மாவின் முகம் அப்படிச் சிவந்து நான் பார்த்ததில்லை. அவள் பதில் சொல்லாமல் நடந்தாள். ஆபீசர் பதிலுக்காகக் கூடவே நடந்தார். ஒரு முழுச் சுற்றுச் சுற்றிவிட்டார் பாவம்.

“அது நம்பிக்கை சார். நம்பிக்கைக்கு உங்ககிட்ட ரூல் இருக்கா?” என்றார் அப்பா.

ஆபீசர் நின்று, தன் கையிலிருந்த தாளைப் புரட்டிப் பார்த்தார். இல்லை. நான் மூச்சு விட்டேன். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, படம் சரியாக ஓடுகிறதா என்று ஸ்டூல் பக்கம் போனார். குனிந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அப்பாவைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

நான் அப்பாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். போனில் சித்தி தெரிந்தாள். ஒரு சேலை குறுக்கே போயிற்று. சித்தி தெரிந்தாள். இன்னொரு சேலை. ஒவ்வொரு சேலைக்கும் சித்தியின் பாதம் மறைந்து மறைந்து வந்தது.

“மறைஞ்ச நேரத்துல காலை ஊனுனாங்களா இல்லீங்களான்னு யாரு சொல்றதுங்க?”

“நீங்க இங்கனதான சார் நிக்கிய? உங்க கண்ணு முன்னால…”

“நானும் இத்தன நேரம் அவங்களோட சுத்திட்டிருந்தனுங்க. படம்தான் சாட்சி. இது செல்லாதுங்க. எனக்கே கஷ்டமா இருக்குது.”

“இனிமே ஸ்டூலுக்கு வெளிய சுத்தச் சொல்லுதேன் சார்.”

“சொல்லுங்க. ஆனா போனது போனதுங்க.”

அப்பா பெண்களைப் பார்த்துக் கையை அசைத்தார். அவர்கள் ஸ்டூலுக்கும் சுவருக்கும் நடுவே இருந்த இடுக்கில் ஒருவர் பின் ஒருவராக ஒருக்களித்து நுழைந்து போனார்கள். அப்பா ஆபீசரின் கையைப் பிடித்தார். நான் அப்பா யாருடைய கையையும் அப்படிப் பிடித்துப் பார்த்ததில்லை.

“அவகிட்ட சொல்லாதிய சார். நேரம் தாண்டுனதும் ஒரு கை மட்டும் தட்டுங்க. என்னாலதான் சார் அவளுக்கு அந்தக் காலு.”

“பொய் சொல்லமாட்டனுங்க,” என்றார் ஆபீசர். பிறகு, “சொல்லாம இருக்கறனுங்க” என்றார்.

அம்மாவிடம் சொல்ல வேண்டுமே. அவள் நிற்கிற மாதிரி இல்லை. அப்பா விஷயத்தைத் தவணை முறையில் சொன்னார். அம்மா தன்னைக் கடக்கும்போது “செல்லாதாம்” என்றார். அடுத்த சுற்றில் “நீங்க மறைச்சதுனால” என்றார். அதற்கடுத்த சுற்றில் “மூஞ்சியை மாத்தாத, அவ பாக்கா” என்றார். அம்மா சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு நடந்தாள். பின்னால் வந்தவர்களுக்கும் எப்படியோ செய்தி போய்ச் சேர்ந்தது. எல்லோரும் முகத்தை மாற்றாமல் சுற்றினார்கள். பத்தடிதான் தள்ளி, எங்களுக்குப் பக்கவாட்டில் நின்றபடி, சித்தி பூவை எடுத்து வைத்து முடிந்துகொண்டிருந்தாள்.

செல்லாத ஒன்றுக்காக அந்தக் கால் இப்படி நடுங்குகிறதே. ஓடிப்போய் “இறக்கு சித்தி” என்று சொல்லிவிடலாமா? சொன்னால் அங்கேயே விழுந்துவிட்டால்? சொல்லாமல் விட்டுத் தகடு உடைந்தால்? பெரியம்மை ஓட்டைவாய், அவள் ஒருத்தி போதுமே.

அப்போதுதான் சித்தி, தலையைத் திருப்பாமல், பேசினாள்.

“அத்தான், அந்த ஸ்டூலையும் போனையும் எடுத்து அங்கிட்டு வையுங்க.”

சுற்றியவர்கள் நின்றுவிட்டார்கள்.

“ஏன்ம்மா?” என்றார் அப்பா. குரல் அவருடையது மாதிரியே இல்லை.

“சுத்துதவுகளுக்கு இடைஞ்சலா இருக்குல்லா? எல்லாரும் சுவத்துல இடிச்சுக்கிட்டுப் போறாக.” சித்தி ஒரு முடிச்சை இறுக்கினாள். “ஏன்க்கா நின்னுட்ட? சுத்து.”

அப்பா அசையவில்லை. ஆபீசர்தான் போய்க் குடத்தை இறக்கி, போனை அணைத்து அப்பாவிடம் கொடுத்துவிட்டு, ஸ்டூலை வெளியே கொண்டுபோய் வைத்தார். வளையம் மறுபடி வட்டமாயிற்று. நேரம் தாண்டியபோது ஆபீசர் கை தட்டினார். வேறு யாரும் தட்டவில்லை, எல்லோரும் சுற்றிக்கொண்டிருந்தார்கள். அப்பாகூட. கூடையில் இருந்த பூ தீர்ந்த பிறகுதான் சித்தி காலை இறக்கினாள். இறக்கியதும் அம்மா தாங்கிப் பிடித்துக்கொண்டாள். எவ்வளவு நேரம் நின்றேன் என்று அவள் கேட்கவில்லை. “ஆபீசருக்குக் காப்பி குடுத்தியளா?” என்றுதான் கேட்டாள்.

எனக்குச் சித்தியின்மேல் கோபமாகக்கூட இருந்தது. சாட்சியே அந்தப் படம்தான் என்று காலையிலிருந்து எல்லோரும் படித்துப் படித்துச் சொல்கிறார்கள்; அது தெரியாமல் இவளே எடுக்கச் சொல்லிவிட்டாளே! நல்லவேளை, ஏற்கனவே செல்லாமல் போயிருந்ததால் அதனால் கெடுதல் ஒன்றும் இல்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகு சித்தி காலை நீட்டி உட்கார்ந்திருக்க, அம்மா சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுத்தாள். அப்பா எதிரே உட்கார்ந்து, அவள் முகத்தைப் பார்த்து, காற்றைப் பற்றியும் பூ விலையைப் பற்றியும் பேசினார். நான் சித்தியின் பக்கத்தை விட்டு நகரவில்லை. யார் வீட்டுக்குள் வந்தாலும் முந்திக்கொண்டு போய், உதட்டில் விரலை வைத்துக் காட்டினேன்.

“என்னட்டி ஆச்சு உனக்கு? ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?” என்று சித்தி என் கன்னத்தைக் கிள்ளினாள்.

“ஒண்ணுமில்ல” என்றேன்.

என்றைக்காவது ஒருநாள் யாராவது அவளிடம் உண்மையைச் சொல்லிவிடுவார்கள் என்ற பயம், அதற்குப் பிறகு வெகுநாள்வரை எனக்குப் போகவில்லை.