ஹேண்டில்பார் அகலத்தில் ஒரு வழி: கொருக்குப்பேட்டையிலிருந்து எண்ணூருக்கு

சனிக்கிழமை, காலை 6.30. கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடியிருந்தது. சரக்கு வண்டி போகட்டும் என்று நானும் தங்கை சங்கீதாவும் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அவளுடையது பிளஸ் ஒன் படிக்கும்போது பள்ளியில் கொடுத்தது. செயின் மட்டும் புதிது, 280 ரூபாய்.

எண்ணூரில் ஒரு சரக்குக் கிடங்கு அலுவலகத்தில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். சைக்கிளில் போகலாம், ஆனால் கன்டெய்னர் லாரிக்குப் பக்கத்தில் ஓட்டக் கூடாது என்பது அம்மாவின் நிபந்தனை. அப்படி வழி இல்லையென்றால் வண்ணாரப்பேட்டை ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்கிற வேலைதான். வழி இருக்கிறது என்று நான் சொல்லியிருந்தேன்.

சும்மா சொல்லவில்லை. வடசென்னையில் சைக்கிள் பாதை துண்டு துண்டாகக் கிடக்கிறது. இங்கே அரை கிலோமீட்டர், பூங்கா ஓரம் கொஞ்சம், அப்புறம் ஒரு சுவர். நண்பர்கள் சிலர் ஞாயிறுதோறும் அவற்றைச் சந்துகளால் இணைத்து, திரும்பும் இடங்களில் மஞ்சள் பெயிண்டில் அம்புக்குறி போட்டு வருகிறோம். வியாசர்பாடியிலிருந்து திருவொற்றியூர் வரை வந்தாயிற்று. மிச்சம் எண்ணூர்.

7.10. டோல்கேட்டை இறங்கித் தள்ளிக்கொண்டே கடந்து, கடற்கரைச் சாலை முனையில் டீ குடித்தோம், 12 ரூபாய். எதிரே துறைமுகத்துக்குப் போகும் லாரிகள் வரிசை. நேற்று சாயங்காலம் முதல் அதில் நிற்கும் நாமக்கல் டிரைவர் ஒருவர், சங்கீதாவின் சைக்கிளைப் பார்த்துவிட்டு, "இடப்பக்கம் சைக்கிளு நின்னா எனக்குத் தெரியாதுங்க பாப்பா" என்றார். பயமுறுத்தச் சொன்னதாகத் தோன்றவில்லை. அவள் சைக்கிளைச் சாலையோரத்திலிருந்து இன்னும் உள்ளே தள்ளி நிறுத்தினாள்.

அந்தச் சாலையைத் தவிர்க்கத்தான் குப்பத்து வழி. திருவொற்றியூர் தாண்டி மீனவர் குப்பத்துக்குள் திரும்பினால், வீடுகளுக்கும் அலைத்தடுப்புக் கற்களுக்கும் நடுவே ஒரு சிமெண்ட் பாதை. போன ஞாயிறு காலை ஆளில்லாமல் கிடந்தது. அம்பு போட்டுவிட்டுப் போனேன். இன்று 7.45-க்கு அந்த அம்பின் மேல் வலை கிடந்தது. படகுகள் அப்போதுதான் கரையேறியிருந்தன. பாதை முழுக்க வலையை விரித்து, இருபுறமும் உட்கார்ந்து மீனைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

முதலில் இருந்த பெண், பெயர் தேசம்மா, என் சட்டையிலிருந்த மஞ்சள் கறையைப் பார்த்தார். "நீதானா அது? வூட்டு வாசல்ல அம்பு போட்டியே, யாராண்ட கேட்ட?"

யாரையும் கேட்கவில்லை என்றேன். அன்றைக்குக் குப்பத்தில் யாரும் கடலுக்குப் போகவில்லை, அதனால் பாதை காலி; மற்ற நாளெல்லாம் ஒன்பதரை வரை வலை இங்கேதான் என்றார். நான் வியாசர்பாடியில் தொடங்கி இணைப்புப் பாதையின் அவசியத்தை விளக்கினேன். பின்னாலிருந்து ஒருவர், "நைனா, எலெக்‌ஷன்ல நிக்கிறியா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள்.

சங்கீதா செருப்பைக் கழற்றி ஹேண்டில்பாரில் மாட்டினாள். "அக்கா, திங்கக்கெழமலேர்ந்து எண்ணூர்ல எனக்கு வேல. லாரி ரோட்ல போனா எங்கம்மா வுடாது. வலைய மிதிக்காம ஓரமா தள்ளிகினு போறேன்."

தேசம்மா எழுந்து வந்து, அவள் சைக்கிளைச் சுவரோரம் நிறுத்தச் சொன்னார். ஹேண்டில்பார் முடியும் இடத்தில் காலால் தரையைத் தொட்டு, எதிரே இருந்தவரிடம், "இத்தினி அகலம் போதும். வலைய அந்தாண்ட இஸ்து போடு" என்றார். ஏறி ஓட்டக் கூடாது, கூட்டமாக வரக் கூடாது என்று எங்களுக்கு இரண்டு கட்டளை. அம்புக்குக் கீழே 'இறங்கி நடக்கவும்' என்று எழுதலாமா என்று கேட்டேன். எழுது என்றார்.

8.30. எண்ணூர், கிடங்கு வாசல். பதின்மூன்று கிலோமீட்டர், ஓரிடத்திலும் லாரியை ஒட்டி ஓட்டவில்லை. வெயில் ஏறுவதற்குள் அதே வழியில் திரும்பினோம்.

வீட்டில் போனில் வரைபடத்தை விரித்து அம்மாவுக்கு வழியைக் காட்டினேன். வலை விஷயத்தைச் சொல்லாமல் விடலாம் என்று நினைத்திருந்தேன். அது வழியின் குறை அல்லவா? அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. கோடு கடலை ஒட்டிப் போவதைப் பார்த்து, "அங்க ஆளே இருக்காதே" என்றாள்.

"நடக்க எடம் இல்லாத அளவுக்கு ஜனம் கீதுமா" என்றாள் சங்கீதா. "வலைய நவுத்தித்தான் வழி வுட்டாங்க."

எங்கள் தெருவும் அப்படித்தான். ஒரு சைக்கிள் நுழைந்தால் பத்துப் பேர் காலை மடக்க வேண்டும். அம்மா இங்கே கதவைத் தாழிட்டு நான் பார்த்ததில்லை.

அம்மா சங்கீதாவிடம் திரும்பிக் கேட்டாள்: "திங்கக்கெழம எத்தினி மணிக்குக் கெளம்பணும்?"