தட்டாஞ்சாவடியில் கட்சி மாறினேன்

பிரான்சின் லியோன் நகரத்தில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு வணக்கம்தான். காலையில் அலுவலகத்துக்குள் நுழைந்ததும் மேசை மேசையாகப் போய் 'போன்ழூர்' சொல்ல வேண்டும். சொல்லாமல் உட்கார்ந்தால் திமிர் பிடித்தவள் என்று பெயர். அதே ஆளை மதியம் காப்பி இயந்திரத்தின் முன்னால் பார்த்து மறுபடி ஒரு போன்ழூர் சொல்லிவிட்டால் அவர் முகம் சுருங்கிப்போகும். "காலையிலேயே சொல்லிக்கொண்டோமே" என்பார். காலையில் என்னைப் பார்த்தது உன் நினைவில் நிற்கவில்லையா என்று அதற்குப் பொருள். நான் வளர்ந்த புதுச்சேரி நெல்லித்தோப்பில் 'சாப்டியா' என்று ஒரே ஆளை ஒரே நாளில் எத்தனை முறை கேட்டாலும் யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. கேட்டவருக்கும் பதில் தேவையில்லை, சொன்னவரும் சாப்பிட்டிருக்க வேண்டியதில்லை. இங்கே வந்து ஆறு வருஷமாகியும், மதியம் எதிரில் யாராவது வந்தால் வாய் வரைக்கும் வந்த வணக்கத்தை விழுங்கிக்கொண்டு பல்லைக் காட்டிவிட்டு நகர்கிறேன்.

புதுச்சேரிக்காரி என்று சொன்னவுடன் இங்கே எல்லோருக்கும் ஒரு மகிழ்ச்சி வந்துவிடும். வயதானவர்களாக இருந்தால் பொந்திஷேரியில் தொடங்கி, இந்தியாவில் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்டதாகப் பள்ளிக்கூடத்தில் படித்த ஐந்து ஊர்ப் பெயர்களை மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள். பிறகு, உங்கள் வீட்டில் பிரெஞ்சுதானே பேசுவீர்கள் என்பார்கள். அப்பா பஞ்சாலையில் வேலை பார்த்தவர், ஆலை மூடிய பிறகு பள்ளிக்கூட வேன் ஓட்டியவர். எங்கள் வீட்டில் இருந்த பிரெஞ்சு, தெரு முனையில் நீலப் பலகையில் எழுதியிருந்த தெருப்பெயர் மட்டும்தான். நான் பொறியியல் படித்து, சென்னையில் வேலைக்குச் சேர்ந்து, அந்த நிறுவனம் அனுப்பியதால் விமானம் ஏறியவள். பிரெஞ்சை இங்கே வந்துதான், முப்பதை நெருங்கும் வயதில், ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி கற்றுக்கொண்டேன்.

அந்த அரைகுறை பிரெஞ்சோடு ஒரு கூட்டத்தில் நான் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். நான் இணையப் பக்கங்கள் எழுதுகிறவள். வீடு கட்டுகிறவர் ஒவ்வொரு செங்கல்லையும் தானே சுட்டுக்கொண்டிருப்பதில்லை. எங்களுக்கும் அப்படித்தான், தூணும் சட்டமும் தயாராகவே கிடைக்கும். அதை ஃபிரேம்வொர்க் என்போம். ரியாக்ட் என்று ஒன்று, வ்யூ என்று ஒன்று, இன்னும் பல. எது நல்லது என்று நாங்கள் அடித்துக்கொள்வதைப் பார்த்தால் தேர்தல் நேரத்து டீக்கடை தோற்றுவிடும். லியோனில் மாதம் ஒருமுறை நிரலாளர்கள் கூடிப் பேசுவார்கள். எங்கள் அலுவலகத்தில் எதைப் பயன்படுத்துவது என்ற விவாதத்தில் நான் வ்யூவுக்காகப் போராடித் தோற்று, ரியாக்ட் ஜெயித்திருந்த சமயம். அந்த மாதக் கூட்டத்தில் பக்கத்தில் நின்ற பெனுவா என்பவர் என் முகம் வாடியிருப்பதைப் பார்த்து என்ன ஆயிற்று என்றார். 'வ்யூவை இழந்துவிட்டேன்' என்று சொல்வதாக நினைத்துக்கொண்டு, "ழே பெர்த்யு லா வ்யூ" என்றேன். அவர் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தார். என் முழங்கையைப் பிடித்து நாற்காலி வரைக்கும் நடத்திக்கொண்டு போய் உட்காரவைத்தார். எப்போதிலிருந்து, வைத்தியர் என்ன சொல்கிறார் என்று மெல்லக் கேட்டார். பிரெஞ்சில் வ்யூ என்றால் பார்வை. எனக்குக் கண் போய்விட்டது என்று நானே அவரிடம் சொல்லியிருக்கிறேன். அதற்குப் பிறகு ரியாக்ட்டிலேயே வேலை பார்த்து, கைபழகி, அதில் கெட்டிக்காரி என்ற பெயரும் வாங்கிவிட்டேன்.

போன வருஷம் விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தேன். கல்லூரித் தோழி சுமதி போன் செய்தாள். புதுச்சேரியிலும் அப்படியொரு நிரலாளர் குழு இருக்கிறது, அதை நடத்துகிறவளே அவள்தான். ஞாயிற்றுக்கிழமை ரியாக்ட்டா வ்யூவா என்று மோதவிடப் போவதாகவும், ரியாக்ட்டுக்காகப் பேச ஆள் இல்லை என்றும் சொன்னாள். "பிரான்சுலருந்து வந்திருக்கான்னு போட்டா நாலு பேரு கூட வருவாங்கடி" என்றாள். இந்த முறை மோதல் வெறும் வாய்ச்சண்டையும் இல்லை. பிள்ளைச்சாவடியில் கூடையெடுத்து மீன் விற்கும் பெண்கள், அன்றைக்கு வந்த மீனையும் விலையையும் டவுனில் இருப்பவர்கள் போனிலேயே பார்த்துச் சொல்லியனுப்ப ஒரு பக்கம் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். குழு அதைச் செய்து தருவதாக ஒப்புக்கொண்டிருந்தது. ஜெயிக்கிற ஃபிரேம்வொர்க்கில்தான் அது எழுதப்படும். பிறகு வருஷக்கணக்காக அதைக் கட்டிக் காப்பாற்றப் போகிறவர்களும் அந்தக் குழுவினர்தான்.

அம்மா இதற்கு ஒரே ஒரு நிபந்தனையோடு சம்மதித்தாள். அதே ஞாயிறு மாலை நாலு மணிக்கு என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள். மாப்பிள்ளை டொரான்டோவில் வேலை பார்க்கிறார், அவரும் விடுமுறையில் வந்திருக்கிறார். போனில் வந்த படத்தில் பனித்தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போட்டிருந்தார், மூக்கு மட்டும் தெரிந்தது. "மூக்கு லட்சணமாத்தான் இருக்குது" என்று அம்மா சொல்லிவிட்டாள். நாலரைக்கு ராகுகாலம், அதற்குள் வந்து உட்கார்ந்துவிடுவார்கள், நான் மூணு மணிக்கெல்லாம் வீட்டில் இருக்க வேண்டும்.

கூட்டம் தட்டாஞ்சாவடித் தொழிற்பேட்டையில், ஒரு லேத் பட்டறைக்கு மேல்மாடியில். லியோன் கூட்டத்தில் பாலாடைக்கட்டியும் திராட்சையும் வைத்திருப்பார்கள், பேச்சாளர் பேசும்போது குண்டூசி விழுந்தால் கேட்கும், கேள்விகளைக் கடைசியில்தான் கேட்பார்கள். தட்டாஞ்சாவடியில் நான் முதல் வாக்கியம் முடிப்பதற்குள் மூன்று கேள்விகள் வந்தன. சமோசாத் தட்டு என் கணினிக்கு மேலாகக் கைமாறிப் போனது. பேசுகிறவரைப் பேசவிடாமல் செய்வதுதான் அங்கே மரியாதை, கவனித்துக் கேட்கிறார்கள் என்று அர்த்தம். பத்து நிமிஷத்தில் நானும் குரலை உயர்த்தி, கை வீசி, முந்தானை மாதிரி துப்பட்டாவைச் செருகிக்கொண்டு பேச ஆரம்பித்துவிட்டேன். லியோனில் யாராவது பார்த்திருந்தால் போலீசைக் கூப்பிட்டிருப்பார்கள். அத்தனை சந்தோஷமாக இருந்தது எனக்கு.

எதிர்க்கட்சி தணிகைவேல். அந்த மாடியே அவருடையதுதான். இரண்டு பேரை வைத்துக்கொண்டு சின்னச் சின்னக் கடைகளுக்கும் பட்டறைகளுக்கும் இணையப் பக்கம் எழுதித் தருகிறவர். பிள்ளைச்சாவடிக்காரர். மீன் விற்கும் பெண்களில் அவருடைய அண்ணியும் ஒருவர். அகலமான நெற்றி, நிதானமான பேச்சு. ஒரு வாக்கியத்தைத் தொடங்கிவிட்டு, சரியான சொல் கிடைக்கும் வரை கூரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். கூட்டம் அதற்குள் வேறு மூன்று விஷயங்களைப் பேசி முடித்துவிடும்.

போட்டி, ஒரே பக்கத்தை இருவரும் எல்லோர் முன்னாலும் எழுதிக் காட்டுவது. கூட்டத்தினர் மீன் பெயர் கத்துவார்கள், நாங்கள் சேர்க்க வேண்டும், விலை மாறினால் பக்கமும் மாற வேண்டும். வஞ்சிரம், சங்கரா, நெத்திலி என்று வரிசையாக வந்து விழுந்தன. யாரோ 'கிழங்கான்' என்றார்கள். என் கை நின்றுவிட்டது. சிறுவயதில் வாரத்துக்கு இரண்டு நாள் தின்ற மீன்தான், ஆனால் அந்தப் பெயர் என் காதில் விழுந்து எத்தனை காலமாயிற்று என்று ஒரு கணம் மலைத்துப்போனேன். "கி, ழ, ங், கா, ன்" என்று தணிகைவேல் தன் கணினியைப் பார்த்தபடியே எனக்காக எழுத்துக்கூட்டிச் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. எனக்குத்தான் காது சுட்டது.

நான் முதலில் முடித்தேன். ரியாக்ட் தெரிந்தவர்கள் ஊரெல்லாம் இருக்கிறார்கள், வேலைக்கும் உதவும் என்று அடித்துப் பேசினேன். கைதட்டினார்கள். அவர் எழுந்து வ்யூவின் பெருமைகளைச் சொன்னார். வேகம் என்றார், அளவு சிறியது என்றார். சொல்ல வேண்டிய முக்கியமான விஷயத்தை மட்டும் விட்டுவிட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குப் பொறுக்கவில்லை. சில வருஷங்களுக்கு முன் லியோனில் நான் தோற்ற வழக்கு அது. அதன் ஒவ்வொரு வரியும் எனக்கு மனப்பாடம்.

"அது இல்லீங்க, முக்கியமானத விட்டுட்டீங்க" என்று எழுந்துவிட்டேன். வ்யூவில் எழுதியதைப் பார்த்தால் சாதாரண இணையப் பக்கம் மாதிரியே இருக்கும், நேற்றுப் படிக்க ஆரம்பித்தவர்கூடத் திறந்து பார்த்துப் புரிந்துகொள்ளலாம், பெட்டியில் விலையை மாற்றினால் பக்கத்தில் விலை தானாக மாறும், ரியாக்ட்டில் ஒவ்வொன்றையும் நாமே சொல்லிவிட வேண்டும் என்று மூச்சுவிடாமல் பேசினேன். நாளைக்கு உங்களில் யாராவது வேலை கிடைத்து ஊரைவிட்டுப் போனாலும் அடுத்து வருகிறவர் எடுத்து நடத்த வேண்டாமா என்றும் கேட்டேன். கூட்டம் அமைதியாகிவிட்டது. அன்றைக்கு முதல்முறையாக.

சுமதிதான் கேட்டாள். "நீ எந்தக் கட்சிடி?"

சிரிப்பில் அறையே குலுங்கியது. தணிகைவேல் கூரையை விட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். வாக்கெடுப்பு நடந்தது. சுமதி இரண்டு முறை எண்ணிவிட்டு, சரிபாதி என்றாள். பேச்சாளர்கள் இன்னும் கை தூக்கவில்லையே என்றார் யாரோ. தணிகைவேல் வ்யூவுக்குத் தூக்கினார். என் கையும் அதற்கே போயிற்று. யோசித்துத் தூக்கியதாக நினைவில்லை.

மணியைப் பார்த்தால் மூன்றரை தாண்டியிருந்தது. நான் பதறுவதைப் பார்த்து, பைக்கில் விட்டுவிடுவதாகத் தணிகைவேல் சொன்னார். நாங்கள் நெல்லித்தோப்பில் இறங்கும்போது சரியாக நாலு மணி. அம்மா பட்டுப்புடவையில் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். என்னை ஒரு பார்வை, அவரை ஒரு பார்வை. "வாங்க தம்பி, உள்ள வாங்க" என்று அவரை அழைத்துக்கொண்டே என்னை உள்ளறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள். "போ, புடவையக் கட்டு." நான் சொல்ல வந்தது கதவோடு நின்றுபோயிற்று.

அம்மாவின் கணக்கு எனக்குப் பிறகுதான் புரிந்தது. நாலு மணிக்கு ஆள் வர வேண்டும், வந்துவிட்டது. மூக்கு லட்சணமாக இருந்தது. தெருமுனையில் வழி தெரியாமல் நின்றவரை நான் கூட்டிவந்திருப்பேன், மற்றவர்கள் பின்னால் காரில் வருவார்கள். நான் கொசுவத்தைப் பல்லில் கடித்துக்கொண்டு கதவில் காதை வைத்தேன். கேசரித் தட்டு வைக்கப்படும் சத்தம் கேட்டது. வழியெல்லாம் சௌகரியமாக இருந்ததா என்று அம்மா கேட்டாள். இருந்தது என்றார் அவர். பஜ்ஜி இன்னும் இரண்டு வைத்துக்கொள்ளச் சொன்னாள். வைத்துக்கொண்டார். நம்மூர் உபசாரம் அப்படித்தான் என்று அவரும் நினைத்திருக்கிறார்.

பிறகு அம்மா சுற்றி வளைக்காமல் கேட்டுவிட்டாள். "எங்க பொண்ண புடிச்சிருக்குதா தம்பி?"

வெளியே வெகுநேரம் பேச்சே இல்லை. அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார் என்று எனக்குத் தெரிந்தது. என் வாயிலிருந்து கொசுவம் நழுவியது.

"புடிச்சிருக்குதும்மா" என்றார். "ஆனா அவங்ககிட்ட நான் இன்னும் கேக்கல."

"அதுக்குத்தானே வந்திருக்கீங்க. டொரான்டோவுக்கு எப்ப திரும்புறீங்க?"

"நானாம்மா? நான் பிள்ளைச்சாவடிக்குத்தான் திரும்பணும்."

முதலில் சிரித்தது கூடத்தில் உட்கார்ந்திருந்த அப்பா. அவர் சிரித்துக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. மாப்பிள்ளை வீட்டார்தான், கிளம்பத் தாமதமாகிவிட்டது, ராகுகாலம் கழித்து ஆறு மணிக்கு வருகிறோம் என்றார்கள். நான் பாதிப் புடவையை வாரிச் சுற்றிக்கொண்டு வெளியே வந்து நின்றேன். தணிகைவேல் பஜ்ஜியைக் கீழே வைக்கவும் தெரியாமல் தின்னவும் தெரியாமல் எழுந்து நின்றார். அப்பா போனைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்து, "இன்னாம்மா சொல்லட்டும்?" என்றார்.

"வரவேணாம்னு சொல்லிடுப்பா" என்றேன். எனக்குக் கால் தரையில் இல்லை. அம்மா உட்கார்ந்துவிட்டாள். "கேசரிக்கு முந்திரி வாங்கி வறுத்ததெல்லாம் வீணில்ல" என்று மட்டும் சொன்னாள். அது சம்மதம் என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

அடுத்த வாரம் கடற்கரையில் நடந்தபடி இருவரும் பேசினோம். அவர் தன் மாடியையும் தன்னை நம்பியிருக்கும் இரண்டு பேரையும் விட்டுவர முடியாது என்றார். நானும் லியோனை விடுவதாக இல்லை. அங்கே என் வேலை எனக்குப் பிடிக்கும், தனியாக நடக்கிற தெருக்கள் பிடிக்கும், பாடுபட்டு வாங்கிய மொழியைப் போட்டுவிட்டு வர மனசில்லை. அவரவர் ஊரில் இருந்தபடியே கல்யாணம் செய்துகொள்ளப் போகிறோம் என்று ஊரில் சொன்னபோது, இதெல்லாம் ஒரு கல்யாணமா என்று கேட்டார்கள். எங்களுக்கோ, பேசப் பேச அது சிரிப்பாகவும் சுலபமாகவும் தெரிந்தது. இந்த வருஷத் தொடக்கத்தில் கல்யாணம் முடிந்தது. வருஷத்தில் சில மாதங்கள் புதுச்சேரியிலிருந்தே வேலை பார்க்க என் அலுவலகம் ஒப்புக்கொண்டிருக்கிறது. கோடையில் அவர் இங்கே வந்து, என் சக ஊழியர்கள் எல்லோருக்கும் ஒரே நாளில் மூன்று முறை போன்ழூர் சொல்லிவிட்டுப் போனார். பிள்ளைச்சாவடிப் பெண்களின் பக்கம் நன்றாக ஓடுகிறது. அண்ணி தானே விலை மாற்றுகிறார்.

போன ஞாயிறும் குழுக் கூட்டம் இருந்தது. எனக்கு இங்கே விடியாத காலை, ஜன்னலுக்கு வெளியே இருட்டும் மழையும். கம்பளியைப் போர்த்திக்கொண்டு கணினி முன்னால் உட்கார்ந்து பேசினேன். அங்கே நல்ல வெயில் நேரம், புரொஜக்டர் என் முகத்தைச் சுவர் முழுக்க அடித்திருந்தது. நடுவில் எல்லோரும் சிரித்தார்கள். என்ன என்றேன். "ஒண்ணுமில்ல, பேசு" என்று சொல்லிவிட்டு, தணிகைவேல் கேமராவைச் சுவர்ப் பக்கம் திருப்பினார். கன்னத்தின் மேல் ஒரு பல்லி ஏறிக்கொண்டிருந்தது. பெரிய என் முகத்தில், மெதுவாக, கண்ணைத் தாண்டி நெற்றிக்குப் போயிற்று. நல்ல சகுனம் என்றார் யாரோ. அது அங்கே சுவரில்தான் ஊர்கிறது என்று தெரிந்தும், லியோனில் உட்கார்ந்துகொண்டு நான் நெற்றியைத் துடைத்தேன்.